எங்கள் ஊர்க் காப்பி கப்பல் ஏறிய நாள்

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களைப் பேசக் கூப்பிட்டால் புயலைப் பற்றித்தான் பேசுவார்கள். நானும் புயல் பார்த்தவள்தான். அடுக்கி வைத்த காலிக் கன்டெய்னர் பெட்டிகள் காற்றில் சரிந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் புயல் நேரத்தில் முடிவெடுப்பது, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கஷ்டம் இல்லை. அன்றைக்கு எல்லோரும் ஒரே பக்கம் நிற்பார்கள். உயிரைக் காப்பாற்று, கப்பலைக் கட்டு, மற்றதெல்லாம் பிறகு. அவ்வளவுதான். வெயில் அடிக்கிற, சுற்றியிருப்பவர்கள் எல்லாம் சந்தோஷமாக இருக்கிற ஒரு நல்ல நாளில், உங்களுக்கு வேண்டியவர் ஒருவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சின்னதாக ஓர் உதவி கேட்பார். அன்றைக்குத்தான் கஷ்டம். எனக்கு அப்படி ஒரு நாள் வந்தது. அதுவும் துறைமுகத்தில் இல்லை, கடலே கண்ணுக்குத் தெரியாத சேர்வராயன் மலை உச்சியில்.

சொந்த ஊர் எனக்கு ஏற்காட்டில் மஞ்சக்குட்டை. மிளகும் காப்பியும் பலாவும் விளைகிற குடும்பம். படித்து முடித்து, பரீட்சை எழுதி, துறைமுகப் போக்குவரத்துப் பிரிவில் சேர்ந்தபோது எங்கள் ஊரில் ஒருவருக்கும் அது என்ன வேலை என்று புரியவில்லை.

"கப்பல் ஓட்டறயா கண்ணு?" என்று செங்கோடன் மாமா கேட்டார்.

"இல்லீங்க மாமா. கப்பல் வந்தா எங்க நிக்கணும், எந்தச் சரக்கை முதல்ல இறக்கணும், எதை ஏத்தணும்னு பாக்கற வேலைங்க."

மாமா கொஞ்சம் யோசித்தார். "அப்ப நம்ம பஸ் ஸ்டாண்டுல விசில் ஊதறாரே, அந்த மாதிரி."

எத்தனையோ பேருக்கு என் வேலையை விளக்கியிருக்கிறேன். இதைவிடச் சரியாக நானே சொன்னதில்லை. கடைசியில் அந்தப் பிரிவுக்கே மேலாளராகி ஓய்வு பெற்றேன். ஊருக்கு இன்றுவரை நான் விசில் ஊதுகிறவள்தான்.

மெயின் நிகழ்ச்சிக்கு வருவதற்கு முன்னால் என் முதல் அதிகாரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பேர் வேண்டாம், அவருக்கே பிடிக்காது. எந்த நெருக்கடி வந்தாலும் அவர் மூன்று கேள்வி கேட்பார். கப்பல் என்ன நிலையில் இருக்கிறது? பெட்டிகளை அடுக்குகிற களம் என்ன நிலையில் இருக்கிறது? நீ எடுக்கிற முடிவால் யாருக்குக் கஷ்டம்? இந்த மூன்றுக்கும் பதில் வராமல் வாயைத் திறக்க மாட்டார். ஒரு தடவை எங்கள் செட்டில் ஒருவர் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். "சார், கிரேன் நின்னுபோச்சு, எல்லாம் முடிஞ்சுது சார்!" அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கப்பல் என்ன நிலையில இருக்கு?" என்றார். ஓடி வந்தவர் விழித்தார். கப்பல் இன்னும் வெளியே நங்கூரம் போட்டு நின்றுகொண்டிருந்தது. மறுநாள்தான் உள்ளே வரும். "அப்ப என்னப்பா முடிஞ்சுது? போய் மெக்கானிக்கைக் கூப்பிடு" என்றார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாங்கள் எல்லோரும் அந்த மூன்று கேள்வியிலேயே வளர்ந்தோம். எனக்குக் கீழே வந்தவர்களையும் அதிலேயே வளர்த்தேன்.

இனி அந்த நாள்.

எங்கள் மலையில் சின்ன விவசாயிகள் காப்பிக் கொட்டையைக் காலங்காலமாக வாசலுக்கு வருகிற வியாபாரிக்கே போட்டுக்கொண்டிருந்தார்கள். விலை அவர் சொல்வதுதான். அந்த வருஷம் மஞ்சக்குட்டை, பக்கத்து ஊரான வெள்ளக்கடை ஆட்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். செங்கோடன் மாமா தலைவர். என் சித்தி மகள் மாதேஸ்வரி செயலாளர். ஓடி ஆடி வேலை பார்க்கிற பெண், மலை முழுக்க ஸ்கூட்டியிலேயே சுற்றுவாள். வெளிநாட்டில் ஒரு காப்பிக் கம்பெனியைப் பிடித்து, நேரடியாகவே ஒரு கன்டெய்னர் அனுப்புவதற்கு ஒப்பந்தம் போட்டுவிட்டாள். குறித்த தேதிக்குள் சரக்கு கப்பல் ஏறிவிட வேண்டும் என்பது நிபந்தனை. ஏறாவிட்டால் வாங்குகிறவர் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

மலையில் பாதிப் பேருக்கு நம்பிக்கையே இல்லை. "நேரா கப்பலுக்காம்! ஆவற கதையா இது?" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். இந்த ஒரு பெட்டி சரியாகப் போய்ச் சேர்ந்தால் குழு நிற்கும். சேராவிட்டால் அடுத்த வருஷம் எல்லோரும் பழையபடி வியாபாரியின் தராசுக்கே போய்விடுவார்கள். அதுதான் நிலைமை.

அவர்கள் என்னிடம் எந்தச் சலுகையும் கேட்கவில்லை. எந்தத் துறைமுகத்தில் ஏற்றுவது என்று கப்பல் ஏஜென்ட் முடிவு பண்ணினார். அது எங்கள் துறைமுகமாக இருந்தது. அவ்வளவுதான். கப்பல் புறப்படுகிற நாள் சேர்வராயன் கோயில் திருவிழா அன்றைக்கு வந்தது. நான் லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்தேன்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால் கோடை மழை கொட்டியது. மலைப்பாதையில் ஒரு சில்வர் ஓக் மரம் வேரோடு விழுந்து வழியை அடைத்தது. கடைசி லோடு மூட்டைகள் மரத்துக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டன. கொண்டை ஊசி வளைவுகளில் கன்டெய்னர் வண்டி திரும்பாது என்பதால், மூட்டைகளைச் சின்ன லாரியில் இறக்கிச் சேலத்தில்தான் பெட்டிக்குள் அடுக்குவது ஏற்பாடு. வெள்ளக்கடை இளைஞர்கள் அரிவாளும் ரம்பமுமாகப் போய் மரத்தை வெட்டி வழி விட்டார்கள். ஆனாலும் தாமதம் தாமதம்தானே. சேலத்தில் பெட்டியைப் பூட்டி முத்திரை வைத்து வண்டி கிளம்பியது கப்பலுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான். பின்னாலேயே ஒரு ஜீப்பில் மாதேஸ்வரியும் குழுவில் உள்ள நான்கு பெண்களும் போனார்கள்.

"நீங்க எதுக்கு போறீங்க? டிரைவர் போறாருல்ல?" என்று நான் கேட்டேன்.

"புள்ளையைக் கட்டிக் குடுத்துட்டு ஊட்டுலயே உக்காந்துக்குவாங்களாக்கா? வண்டி வரைக்கும் போய் ஏத்தி விடமாட்டாங்களா?" என்றாள் மாதேஸ்வரி. அதற்கு மேல் என்ன சொல்ல? வாசலில் காட்ட வேண்டிய காகிதங்களும் அவள் பையில்தான் இருந்தன.

பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தக் கப்பலுக்கான வாசலை அடைப்போம். அதற்குப் பிறகு வருகிற பெட்டியை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது எங்கள் பிரிவு. நான் இல்லாத நேரத்தில் அந்தப் பொறுப்பு என் உதவியாளர் செல்வினுக்கு. கடலோரப் பையன். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவருடைய பணியை நிரந்தரமாக்கலாமா என்று நான் எழுதப்போகிற அபிப்பிராயத்தைப் பொறுத்துத்தான் அவருடைய எதிர்காலம் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருவிழா அன்று காலையில் சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். மலை முழுக்க ஜனம். பலூன்காரர், ராட்டினம், வளையல் கடை, மேளம். வண்டிகள் நிறுத்துகிற இடத்தில், ஒரு மிளகாய் பஜ்ஜிக் கடைக்குப் பக்கத்தில் மட்டும்தான் போனுக்குச் சிக்னல் கிடைத்தது. அங்கே வந்து நின்றதும் மணி அடித்தது. செல்வின்.

"மேடம், சாமி கும்பிட்டாச்சா? ஒரு விஷயம். மதுரை தாண்டி மெயின் ரோட்டுல லாரி ஒண்ணு கவுந்து கெடக்கு. நேத்து ராத்திரியில இருந்து வண்டியெல்லாம் நிக்குது. இன்னைக்குக் கப்பலுக்கு வரவேண்டியதுல மூணு பெட்டி அதுல மாட்டிக்கிட்டு. ஒண்ணு நாமக்கல் முட்டை. ஒண்ணு கரூர் துணி." கொஞ்சம் நிறுத்தினார். "இன்னொண்ணு ஏற்காடு காப்பி மேடம். பன்னிரண்டு மணிக்குள்ள ஒண்ணும் வந்து சேராது. வாசலை என்ன செய்ய?"

பக்கத்தில் செங்கோடன் மாமா நின்றுகொண்டிருந்தார். போனில் காப்பி என்ற சொல் அவர் காதிலும் விழுந்துவிட்டது.

"நான் லீவுல இருக்கேன் செல்வின். நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மிகச் சரியாக நடந்துகொண்டதாக ஒரு நிமிஷம் எனக்கு நினைப்பு. மாமா என் கையைப் பிடித்தார்.

"ஏங்கண்ணு, என்னாச்சு?"

சொன்னேன்.

"அட, அவ்வளவுதானா? நீ ஒரு வார்த்தை சொன்னா அந்தப் பையன் கேட்டைத் தொறந்து வெக்க மாட்டானா?"

"வெப்பாருங்க மாமா. அதனாலதான் நான் சொல்லக்கூடாது."

"ஏனுங்க, கப்பலுக்கு என்ன அவசரமாம்? சாமி கூட காத்திருக்குது!" என்று பஜ்ஜிக்கடைக்காரர் எண்ணெயில் கரண்டியை விட்டபடியே கேட்டார். அதற்குள் கடையைச் சுற்றிக் குழு ஆட்கள் கூடிவிட்டார்கள். எல்லோர் முகத்திலும் ஒரே கேள்வி. மாமாவுக்குக் குரல் இறங்கிவிட்டது. கோபமாகப் பேசியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"கண்ணு, உன்னை ஒண்ணு கேக்கறேன். தெரியாத ஆளு ஒருத்தன், எந்த ஊருன்னே தெரியாது, இப்பிடி ரோட்டுல மாட்டிக்கிட்டான்னு வெச்சுக்க. அவனுக்கும் இப்பிடித்தான் போனை வெச்சுருப்பயா?"

தெரியாத ஆளாக இருந்தால் நான் போனை வைத்திருக்க மாட்டேன். கப்பல் என்ன நிலையில் இருக்கு, களம் என்ன நிலையில் இருக்கு, யாருக்குக் கஷ்டம் என்று கேட்டிருப்பேன். வழி இருந்தால் விட்டிருப்பேன், இல்லையென்றால் மறுத்திருப்பேன். எங்கள் ஊர்ச் சரக்கு என்றதும் பயந்து, ஒரு கேள்வியும் கேட்காமல் கதவைச் சாத்தியிருக்கிறேன். என் கை சுத்தமாக இருந்தால் போதும் என்று. அதில் கரூர்க்காரரும் நாமக்கல்காரரும் சேர்ந்து அல்லவா மாட்டிக்கொண்டார்கள்?

அதைவிட இன்னொன்று உறைத்தது. "நீங்களே பாத்துக்குங்க" என்று மேலதிகாரி சொன்னால் கீழே இருக்கிறவருக்கு என்ன கேட்கும்? அங்கே செல்வின் என்ன நினைத்துக்கொண்டிருப்பார்? மேடத்துக்கு விடணும்னு ஆசை, வாயால் சொல்ல முடியவில்லை, நாமே புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்திருப்பார். அல்லது, விட்டால் மேடம் பேர் கெட்டுப்போகும், அதனால் கட்டாயம் சாத்த வேண்டும் என்று நினைத்திருப்பார். எப்படி நினைத்தாலும் அவர் கப்பலைப் பார்க்க மாட்டார். என்னைத்தான் பார்ப்பார்.

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒதுங்குவது என்றால் வாயை மூடிக்கொள்வது இல்லை. ஏன் ஒதுங்குகிறேன் என்று, கேட்க வேண்டியவர் காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டு ஒதுங்குவது.

முதலில் எனக்கு மேலே இருந்த அதிகாரியைக் கூப்பிட்டேன். "சார், இன்னைக்குக் கப்பலுக்கு வாசல் அடைச்ச பிறகு வர்ற பெட்டி விஷயத்துல ஒண்ணு எங்க ஊர்ச் சரக்கு. என் தங்கச்சியே கூட வர்றா. இதுல நான் இல்ல சார். செல்வின் உங்ககிட்டயே பேசட்டும்." அவர் "சரிம்மா, நல்லது" என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டார்.

பிறகு செல்வின். போனை ஸ்பீக்கரில் போட்டேன். மாமாவும் கேட்கட்டும் என்றுதான்.

"செல்வின், அந்தக் காப்பி எங்க ஊர்ச் சரக்கு. என் சொந்தக்காரங்களோடது. அதனால இந்த முடிவுல நான் கிடையாது, மேலே சொல்லிட்டேன். நீங்க அந்தப் பெட்டியை உள்ள விட்டாலும் சரி, விடாட்டியும் சரி, உங்க வேலையில நான் எழுதப்போறது ஒரு எழுத்துக்கூட மாறாது. எந்த ஊருங்கறதை மறந்துட்டு, மூணு வண்டியையும் ஒண்ணா வெச்சு, வழக்கமா கேக்கறதைக் கேளுங்க."

அந்தப் பக்கம் பெரிதாக ஒரு மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"இப்பதான் மேடம் உயிர் வந்துச்சு. மொதல்ல நீங்க பேசினப்ப விடச் சொல்லுதீங்களா, வேண்டாங்கீங்களான்னே வெளங்கல. நான் பாத்துக்கிடுதேன் மேடம்."

மாமா பஜ்ஜிக் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு அந்த இடம் ஒரு கிரிக்கெட் மேட்ச் மாதிரி ஆகிவிட்டது. குகையில் கும்பிட்டுவிட்டு இறங்குகிறவர்கள் எல்லாம் பஜ்ஜிக் கடைக்கு வந்து, "வண்டி எங்கீங்க வருது?" என்று விசாரித்தார்கள். ராட்டினக்காரர் ஆள் அனுப்பிக் கேட்டார். மாதேஸ்வரி நடுவில் நடுவில் கூப்பிட்டாள். "அக்கா, ரோடு தொறந்துட்டாங்க!" சத்தம் போட்டுக் கை தட்டினார்கள். பிறகு, "அக்கா, வெள்ளை வெள்ளையா மலை மாதிரி என்னமோ குமிச்சு வெச்சுருக்காங்க."

"அது உப்பு. உப்பளம் வந்துருச்சுன்னா கிட்ட வந்துட்டீங்க."

"இத்தனை உப்பா! நாம ரசத்துக்குக் கிள்ளிக் கிள்ளிப் போடறோமேக்கா!"

மணி பன்னிரண்டு தாண்டியது. அதற்கும் ரொம்ப நேரம் கழித்து, பஜ்ஜிக்கடைக்காரர் இரண்டாவது முறை மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது, செல்வின் கூப்பிட்டார்.

"மேடம், முடிவைச் சொல்லிருதேன். கப்பல்ல ஏத்துற வேலை சாயங்காலம் வரைக்கும் இருக்கு. களத்துல இடைஞ்சல் இல்ல. வாறோம்னு சொன்ன ரெண்டு பெட்டி வரவே மாட்டோம்னுட்டாங்க, அந்த ரெண்டு இடம் காலி. அதுல ஏத்தினா யாருக்கும் நஷ்டமில்ல. ஏஜென்டும் கப்பல்காரரும் ஒத்துக்கிட்டாங்க. மூணு வண்டிக்கும் ஒரே சமயத்துல தகவல் சொன்னேன், முதல்ல வாற ரெண்டுக்கும் இடம்னு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "முட்டை வண்டி முதல்ல வந்துச்சு. ரெண்டாவது கரூர் துணி. உங்க ஊர் வண்டி அதுக்குப் பின்னாலயே, கண்ணுக்குத் தெரியுத தூரத்துல வந்துச்சு மேடம். இடமில்ல. ஏத்தல."

எனக்கு இரண்டு எண்ணம் ஒரே நேரத்தில் வந்தது. ஒன்று, ஐயோ. இன்னொன்று, இந்தப் பையன் தேறிவிட்டான்.

"சரியா பண்ணியிருக்கீங்க செல்வின்" என்றேன். குரல் கொஞ்சம் உடைந்ததை அவர் கவனித்திருப்பார். கேட்கவில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். இந்த வேலையில் எத்தனையோ பேரிடம் உங்கள் சரக்கு ஏறவில்லை என்று சொல்லியிருக்கிறேன். கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சொன்னது. கேட்பவர் முகம் எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த முகமாக ஒரு நாளும் இருந்ததில்லை. சுற்றி வளைக்காமல் சொன்னேன். ரெண்டு இடம் இருந்துச்சு. நம்ம வண்டி மூணாவதா போச்சு.

கசமுச என்று பேச்சு எழுந்தது. மாமா எழுந்து நின்றார். "மூணு வண்டியில நம்மளுதுதான் மூணாவதா? கண்ணுக்குத் தெரியற தூரத்துல வந்ததை ஏத்த மாட்டானா? மனுசனா அவன்? கல்லு!"

அந்த நேரம் பார்த்து மாதேஸ்வரி கூப்பிட்டாள். ஸ்பீக்கர் இன்னும் போட்டபடியே இருந்தது.

"அக்கா, ஏத்தலீன்னு சொல்லிட்டாங்க. நாங்கதான் முன்னால வந்தோம். கரூர் வண்டி நமக்குப் பின்னாலதான் இருந்துச்சு."

"அப்பறம் எப்படி முந்துச்சு?"

"மாமாதான் கெளம்பறப்பவே கண்டிசனா சொல்லிட்டாரே, துறைமுகத்துக்குள்ள நுழையறதுக்கு முன்னால தேங்கா ஒடைக்காம போவக்கூடாதுன்னு. வழியில ஒரு கோயில் வந்துச்சு. நிறுத்தித் தேங்கா ஒடைச்சு, சூடம் பொருத்தி, டயருக்கெல்லாம் எலுமிச்சம்பழம் வெச்சோம். அந்த நேரத்துல கரூர்க்காரன் விர்ருன்னு போயிட்டான்."

எல்லோரும் மெதுவாகத் திரும்பி மாமாவைப் பார்த்தார்கள். மாமா எதிரே இருந்த மலையைப் பார்த்தார். முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. பஜ்ஜிக்கடைக்காரர் என்றுதான் நினைக்கிறேன். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். மாமா மட்டும் முறைப்பாகவே, "சாமிக்கு ஒடைச்சது வீண் போவாது" என்றார்.

சிரிப்பு அடங்கினதும் கவலை திரும்பி வந்தது. ஒப்பந்தத் தேதி மறுநாளோடு முடிகிறது. அடுத்த பெரிய கப்பல் அடுத்த வாரம்தான். நான் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். இதில் நான் இல்லை என்று சொல்லிவிட்டேனே என்று. மாதேஸ்வரிதான் என்னை உலுக்கினாள்.

"அக்கா, கேட்டைத் தொறக்கச் சொல்லி நான் கேக்கல. அது முடிஞ்சுபோச்சு. இனிமே என்ன பண்ணலாம்னுதான் கேக்கறேன். விசாரணை ஜன்னல்ல முன்னப்பின்ன தெரியாதவங்க கேட்டாலும் சொல்லுவீங்கதானே?"

சொல்வோம்தான். தினமும் சொல்வதுதான். முடிவெடுக்கிற இடத்திலிருந்து ஒதுங்கினேனே தவிர, யாருக்கும் சொல்கிற வழியை இவர்களுக்கு மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

"மாதேசு, கேளு. அந்தப் பெரிய கப்பல் இங்கிருந்து போய் அடுத்ததா கொழும்புல நிக்கும். நம்ம துறைமுகத்துல இருந்து கொழும்புக்குச் சின்னக் கப்பல் அடிக்கடி போகும், பெட்டிகளைக் கொண்டுபோய் அங்க பெரிய கப்பலுக்கு மாத்தி விடறதுக்கு. உங்க ஏஜென்ட் ஆபீசுக்கு நேராப் போ. இன்னைக்குக் கிளம்பற சின்னக் கப்பல்ல இடம் இருக்கான்னு கேளு. இருந்தா பதிவை மாத்தித் தரச் சொல்லு. அவங்க தரணும்னு கட்டாயம் இல்ல. நீதான் பேசணும்."

"பேசறதுக்கு எனக்குச் சொல்லித் தரோணுமாக்கா?" என்றாள். போன் வைத்த சத்தம் கேட்டது.

ஏஜென்ட் ஆபீசில் அவள் என்ன பேசினாள் என்று எனக்கு முழுசாகத் தெரியாது. ஐந்து பெண்களும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, கொண்டுபோன பலாச்சுளையை எல்லோருக்கும் கொடுத்ததாகவும், இடம் பார்த்துச் சொல்கிற வரைக்கும் நகரவில்லை என்றும் பின்னால் கேள்விப்பட்டேன். வெயில் சாய்கிற நேரத்தில் என் போனுக்கு ஒரு படம் வந்தது. ஐந்து பேரும் வரிசையாக நின்று சிரிக்கிறார்கள். பின்னால் தூரத்தில் ஒரு சின்னக் கப்பல். கிரேன் ஒன்று பெட்டியைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. கீழே மாதேஸ்வரி எழுதியிருந்தாள்: அது நம்மளுது.

படத்தை மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"இத்துனூண்டு கப்பலா? நம்ம காப்பிக்கா?"

"குறிச்ச தேதிக்குள்ள கப்பல் ஏறணும்னுதாங்க மாமா ஒப்பந்தம். பெரிசா சின்னதான்னு அதுல போடலீங்க."

"நொம்பச் சின்னதா இருக்குது" என்று முணுமுணுத்துக்கொண்டே படத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அது கை மாறி கை மாறிப் பஜ்ஜிக் கடை முழுக்கச் சுற்றி வந்தது. என் போன் திரும்பக் கிடைத்தபோது எண்ணெய் வாசம் அடித்தது.

கொழும்பில் பெட்டி பெரிய கப்பலுக்கு மாறியது. வாங்கியவருக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்த வருஷமும் கேட்டார். டீக்கடையில் "ஆவற கதையா" என்று பேசியவர்களே குழுவில் சேர வந்தார்கள். செல்வினுடைய பணி நிரந்தரமானது. நான் எழுதியதில் அந்த நாளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நல்லதாக எழுதினாலும் அது எங்கள் ஊர் விஷயம்தானே.

புதிதாக வந்திருக்கிற உங்களுக்கும் ஊர் இருக்கிறது. கரூரோ, நாமக்கல்லோ, எங்கோ ஒரு கிராமமோ. அங்கே தறியில் நெய்வதும், பண்ணையில் பொறுக்குவதும், களத்தில் காய்வதும் ஒரு நாள் நீங்கள் நிற்கிற வாசலுக்கு வரும். வரத்தான் வேண்டும். அதற்குத்தான் துறைமுகம். அன்றைக்கு உங்கள் ஊர்க்காரருக்காகக் கதவைத் திறக்காதீர்கள். உங்கள் ஊர்க்காரர் என்பதற்காகச் சாத்தவும் சாத்தாதீர்கள். முதலாவது தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது, பார்க்க நேர்மை மாதிரியே இருக்கும். அதனால்தான் இவ்வளவு நேரம் சொன்னேன்.

அடுத்த வருஷத் திருவிழாவுக்குச் செல்வின் தன் மனைவியோடு ஏற்காட்டுக்கு வந்திருந்தார். கோயிலுக்குப் போய்விட்டு, மாமா வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போனேன். "கூட வேலை பாக்கறவருங்க" என்று மட்டும் சொன்னேன். மாமா தடபுடலாக வரவேற்று, வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, தோட்டத்துக் காப்பி கொண்டுவரச் சொன்னார். வந்தவர் துறைமுகத்துக்காரர் என்றதும் அவருக்குப் பேச்சு பிறந்துவிட்டது.

"அங்க ஒரு ஆபீசர் இருந்தானுங்க. எங்க வண்டி வாசல்ல வந்து நின்னுருச்சு. ஒரு எட்டு வெச்சா உள்ள. கையை நீட்டித் தடுத்துப்போட்டானுங்க. பொம்பளைங்க அழுவறாங்க. மனசு எறங்கலயே! பாக்கவே நொம்பக் கொடூரமா இருப்பானாமுங்க. இத்தாம்பெரிய மீசை."

செல்வினுக்கு மீசையே கிடையாது. காப்பியை நிதானமாகக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான்தாங்க அது" என்றார்.

செல்வினுடைய மனைவி என்னைப் பார்த்தாள். நான் பலா மரத்தைப் பார்த்தேன். மாமா உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"அம்மிணி, தம்பிக்கு இன்னொரு டம்ளர் கொண்டா. சக்கரை போடாத!"

கடுங்காப்பி வந்தது. கசப்பு என்றால் அப்படிக் கசப்பு. செல்வின் முகம் சுளிக்காமல் ஒரே மடக்காகக் குடித்தார், கடைசிச் சொட்டு வரைக்கும். மாமா காலி டம்ளரை வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். ஒரு துளி மிச்சமில்லை.

"அம்மிணி," என்று மறுபடியும் கூப்பிட்டார், "மூணாவதா ஒண்ணு கொண்டா. சக்கரை தூக்கலா போடு."